முத்துக்கரை நீலம்

பிப்ரவரி 3, திங்கள்

தூத்துக்குடியிலிருந்து பார்சல் வந்துவிட்டது. செய்தித்தாள், அதற்குள் தெர்மாகோல், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை. "என்னங்க இது, பச்சப்புள்ளையச் சுத்தின மாதிரி சுத்தியிருக்காங்க" என்றாள் செண்பகம். உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி. லேபிளில் 'முத்துக்கரை நீலம்' என்று அச்சிட்டிருக்கிறது.

செய்தவர் ஜெசிந்தா என்ற பெண். ஏதோ தொழிற்சாலையில் பரிசோதனைக்கூட உதவியாளராக இருந்தாராம். ஆலையை மூடிய பிறகு வீட்டிலேயே பேனா மை தயாரிக்கிறார். எங்கள் 'மைக்கூடு' வாட்ஸப் குழுவில் ஒரு மாதமாக இந்த மையைப் பற்றித்தான் பேச்சு. மைப்பேனா பைத்தியங்கள் சில நூறு பேர் இருக்கிற குழு அது. கோயம்புத்தூரில் படிக்கிற ஹரிணி என்ற பெண் வீடியோ வேறு போட்டு ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டாள். எல்லோரும் எழுதிப் பார்த்து முடித்த பிறகு எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதில் எனக்கு ஒன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்துகிறவன் என்பதால், புது மை எதுவானாலும் முதலில் என்னிடம் அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கம். புதிதாக வந்தவருக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிப்ரவரி 5, புதன்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் நாளை வருகிறேன் என்றான். நேற்றும் அதையேதான் சொன்னான். தொட்டியில் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும் என்று செண்பகம் குளியலறை வாசலில் நின்று கணக்குப் பார்க்கிறாள்.

பிப்ரவரி 6, வியாழன்

சாயங்காலம் ரஹீம் பாய் போன் செய்தார். சின்னக்கடைத் தெருவில் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர், மைக்கூடு குழுவின் அட்மின்.

"சார், அந்த முத்துக்கரை நீலம் எழுதிப் பாத்தீங்களா? கடைக்கு நூறு பாட்டில் சொல்லியிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை குழுவுல போட்டுட்டீங்கன்னா தைரியமா அடுக்கிடுவேன்."

"இன்னைக்கே பாத்துடறேன் பாய்" என்றேன்.

என் கறுப்பு எபோனைட் பேனாவைத்தான் எடுத்தேன். எந்த மையின் குணத்தையும் மறைக்காமல் காட்டிக்கொடுக்கிற பேனா அது. கல்லூரிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற புளூ-பிளாக் இரும்பு மை அதில் பாதி இருந்தது. கொட்டிவிட்டு, குடிக்கிற தண்ணீர்ச் சொம்பிலிருந்து கொஞ்சம் விட்டு இரண்டு தரம் குலுக்கி ஊற்றினேன். மூன்றாம் தரத்துக்குச் செண்பகம் சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள். "பேனா குளிக்கிறதுக்குத்தான் தண்ணி இருக்கா இந்த வீட்ல?" துணியால் துடைத்து, ஃபில்லரால் புது மையை நிரப்பினேன். போதும்.

நிறம் நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூட நீலத்தின் பளிச்சென்ற வெளிச்சம் இல்லை. அடிக்கோட்டில் மை தேங்குகிற இடத்தில் கருநீலமாகி, எழுத்தின் மேல்முனையில் வெளுக்கிறது. 'ழ' எழுதினால் அதன் சுழியில் நிழல் விழுந்த மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க வெறும் 'ழ' எழுதிக்கொண்டிருந்தேன். இதைக் குழுவில் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 8, சனி

காலையில் பேனாவைத் திறந்தால் எழுதவில்லை. உதறினேன், சொட்டவில்லை. நிப்பைக் கழற்றிப் பார்த்தபோது, அடியில் மை ஓடுகிற நாக்கின் பள்ளம் முழுக்கக் கரும்பச்சையாகக் கசடு. வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தால் சேறு மாதிரி வருகிறது. என் எபோனைட் பேனா!

உடனே படம் எடுத்தேன். செண்பகம் தோசைக்கல்லைப் போட்டபடியே எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு போனப் போட்டு மொதல்ல கேளுங்களேன்."

"அப்படிக் கேட்டா அது விமர்சனமே இல்ல. நாலு பேரு நம்மள நம்பி வாங்கறாங்க."

"அந்த நாலு பேரு ஒரு நாள் காத்திருக்க மாட்டாங்களா?"

குழுவில் எழுதினேன். 'முத்துக்கரை நீலம்: பார்வைக்கு அழகு, பேனாவுக்கு எமன். இரண்டே நாளில் கசடு கட்டுகிறது. சாயம் சரியாகக் கரையவில்லை, வடிகட்டலும் போதாது. ஆர்வம் பாராட்டத்தக்கது, ஆனால் மை தயாரிப்பது சமையல் அல்ல, வேதியியல். விலையுயர்ந்த பேனா வைத்திருப்பவர்கள் தள்ளியே இருங்கள்.' கீழே படம்.

பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. 'நல்லவேளை சார்', 'இன்னைக்குத்தான் நிரப்பலாம்னு இருந்தேன்', 'கெமிஸ்ட்ரி சார் கண்ணுக்குத் தப்புமா'. ரொம்ப நாளைக்குப் பிறகு என் பதிவுக்கு இப்படிக் கூட்டம்.

ஹரிணி மட்டும் எழுதினாள்: 'என் பேனாவில் ஒரு மாசமா இதே மை ஓடுது சார், ஒண்ணும் ஆகலையே. பழைய மை ஏதாவது உள்ள தங்கியிருந்திருக்குமோ?'

'முப்பது வருடமாகப் பேனா கழுவுகிறேன் அம்மா' என்று பதில் போட்டேன். அதற்கு எத்தனை பேர் சிரித்த முகம் போட்டார்கள் என்று எண்ணவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அந்த அம்மாளே போன் செய்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்துத் தயாராகத்தான் எடுத்தேன்.

"சார், ஜெசிந்தா பேசுதேன். படத்தப் பாத்தேன் சார். உங்க பேனா கெட்டுப்போச்சா சார்?"

"கெடலம்மா. ஊற வச்சிருக்கேன். சரியாயிடும்."

"மன்னிச்சிருங்க சார். ரெண்டு தடவ வடிகட்டித்தான் ஊத்துனேன். எங்க தப்பு வந்துச்சின்னே தெரியல. கொஞ்சம் வெவரமா சொன்னியள்னா திருத்திக்கிருவேன்."

சாயத்தின் கரைதிறனைப் பற்றி, தண்ணீரின் கடினத்தன்மையைப் பற்றி நிறையச் சொன்னேன். அவர் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டார். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வியும் எதிர்த்துக் கேட்கவில்லை. கடைசியில், "ரஹீம் பாய் ஆர்டர வேண்டாம்னுட்டாவ சார். பரவால்ல, நல்லா செஞ்சிட்டு அப்பறம் குடுப்போம்" என்றார்.

மரியாதை தெரிந்த பெண்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மோட்டார் ஓடுகிறது. கெபாசிட்டர் போயிருந்தது. செண்பகம் வீட்டிலுள்ள அத்தனை பாத்திரத்திலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டாள்.

எபோனைட் பேனாவை இரவு முழுக்க ஊற வைத்த தண்ணீரைக் காலையில் பார்த்தேன். நீலம் வருமென்று நினைத்தால் சாம்பல் கலந்த கறுப்பு. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கொட்டிவிட்டேன். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

முத்துக்கரை நீலத்தின் குப்பியைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். "மைய எதுக்கு காலேஜுக்கு?" என்றாள் செண்பகம். "லேப்ல பாத்து, என்ன தப்புன்னு அந்தம்மாவுக்கு எழுதிக் குடுக்கலாம்னு" என்றேன். அந்த எண்ணத்தோடுதான் போனேன்.

மத்தியானம் ஆய்வகத்தில் யாரும் இல்லை. வடிதாளைப் புனலில் வைத்து மையை ஊற்றினேன். எல்லாம் இறங்கியது. தாளில் ஒரு துகள் இல்லை. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். இல்லை. கொஞ்சம் சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி வடித்தேன். இல்லை. இவ்வளவு சுத்தமான மையை நான் கடையில் வாங்கியதில்லை.

பிறகு ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, என் பதிவேட்டு இரும்பு மையில் நாலைந்து சொட்டு விட்டேன்.

உடனே திரிந்தது. எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி. கரும்பச்சைக் கசடு கீழே இறங்கி உட்கார்ந்தது. படத்தில் இருந்த அதே சேறு. இரும்பு மை அமிலம், இவருடையது லேசான காரம், இரண்டும் சேர்ந்தால் சாயம் திரளும். முதலாண்டுப் பையனுக்கு நான் நடத்துகிற பாடம்.

குழாயைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

செண்பகத்தின் அண்ணன் மகளுக்குத் தஞ்சாவூரில் நிச்சயதார்த்தம். காலையிலேயே கிளம்பிவிட்டோம். மண்டபத்தில் ஒரே சத்தம், போன் பேச முடியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் செண்பகம், "லேப்ல பாத்தீங்களே, என்ன ஆச்சு?" என்றாள்.

"இன்னும் பாக்கணும்" என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் சர்ச்சுக்குப் போகிற நாள். தொந்தரவு செய்யக் கூடாது.

குழுவில் அந்தப் பேச்சே இப்போது இல்லை. எல்லோரும் ஒரு ஜப்பான் பேனாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் மறந்துவிட்ட ஒன்றை நாமாகக் கிளறினால், அந்த அம்மாளுக்குத்தான் மறுபடி சங்கடம் என்றும் தோன்றுகிறது.

பிப்ரவரி 17, திங்கள்

அவரே கூப்பிட்டார். வகுப்பு முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே நல்ல தண்ணி வாங்கி, கொஞ்சமாப் புதுசாப் போட்டுப் பாத்தேன். பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சா எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல சார். எது தப்புன்னு எனக்குக் கண்டுபிடிக்க முடியல."

"ம்."

"ரெண்டு கேன் நெறைய பழைய மை கெடக்கு. பாத்துப் பாத்துப் போட்டது. ஆனா ஒருத்தருக்காவது பேனா அடச்சிருச்சின்னா பாவம்லா சார். எம் பேருதான கெடும். அதக் கொட்டிரவா சார்? நீங்க சொன்னா கொட்டிருதேன்."

படிக்கட்டில் பையன்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். போன பிறகும் நின்றேன்.

"சார்? கேக்குதா?"

"கேக்குதும்மா. அது... உங்க முடிவுதான். நான் என்ன சொல்றது. அவசரப்படாதீங்க. யோசிச்சு செய்யுங்க."

"சரி சார். யோசிச்சிக்கிடுதேன். ரொம்ப நன்றி சார்."

நன்றி என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நான் கொட்டச் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

செண்பகத்துக்கு முழங்கால் தைலம் வாங்கக் கடைத்தெருப் பக்கம் போனவன், ரஹீம் பாய் கடையில் எட்டிப் பார்த்தேன். டீ சொல்லி உட்கார வைத்தார்.

"அந்தத் தூத்துக்குடி அம்மா இருக்கே சார், பாவம், அத்தனை மையையும் கொட்டிடுச்சாம். செவ்வாக்கெழம காலைல. எனக்கு போன் பண்ணி, 'பாய், வீட்ல ஒரு சொட்டு பழசு இல்ல, பயப்படாம இருங்க'ன்னுச்சு. இப்ப ஜவுளிக்கடைல வேலைக்குக் கேட்டுருக்காம்."

"மை?"

"மை எனக்குக் கைவரலன்னு சொல்லுது. 'கெமிஸ்ட்ரி சாரே சொல்லிட்டாவ, அப்பறம் நான் என்ன பெரிய இவளா'ங்குது. ஒரு விதத்துல நல்லதுதான் சார், நூறு பாட்டில எந்தலைல கட்டியிருந்தா நான் என்ன ஆவேன்? நீங்கதான் காப்பாத்துனீங்க."

டீ ஆறிப்போய்விட்டது. குடித்துவிட்டு வந்தேன். தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

வீட்டில் செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வடிதாள், சோதனைக் குழாய், படிக்கட்டில் வந்த போன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"நேர்ல போங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 22, சனி

தூத்துக்குடி போய்வந்தேன். விடிவதற்குள் பஸ் ஏறி, மதுரையில் மாறி, போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கையில் ஆப்பிளும் ஒரு ஸ்வீட் பாக்ஸும். எதற்கு ஸ்வீட் வாங்கினேன் என்று பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு கூச்சமாகிவிட்டது.

ஓட்டு வீடு. பார்சலில் இருந்த முகவரியைக் காட்டிக் கேட்டுக்கொண்டே போனேன். பக்கவாட்டுச் சந்தில் திரும்பியதும் கண்ணில் பட்டது மண்தான். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மண் நீலமாகிக் கிடந்தது. அதில் இரண்டு கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் முழங்கால் வரை கால் நீலம். ஒரு சின்னப் பிள்ளை கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது; அதன் பாதமும் நீலம்.

ஜெசிந்தா வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். நைட்டிமேல் துண்டு. யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு, "சாரா? ஐயோ, வாங்க சார், வாங்க! சொல்லிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு அவியள அனுப்பிருப்பேன்லா!" என்று பதறினார். கணவர் அந்தோணி ஆட்டோ ஓட்டுகிறவர், சாப்பாட்டுக்கு வந்திருந்தார். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அம்மா, உங்க மைல தப்பே இல்ல. என் பேனால வேற மை இருந்துச்சு. நான் ஒழுங்காக் கழுவல. ரெண்டும் சேந்ததுலதான் கசடு வந்துது. லேப்ல போட்டுப் பாத்துட்டேன். உங்க மை சுத்தமான மை."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப எம்மேல தப்பு இல்லையா சார்?"

"இல்லம்மா."

"நெசமாவா?" கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, கேட்டீயளா? எம்மேல தப்பு இல்லையாம்! நான் போட்டது சரிதானாம்! ராத்திரி பூரா உக்காந்து, எங்க தப்பு எங்க தப்புன்னு தலைய ஒடச்சிட்டுக் கெடந்தேன்லா!" சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பேசாம ஒரு போன் போட்டு சொல்லியிருக்கலாமே சார். இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்திய?"

அந்தோணி சிரிக்கவில்லை. "அவ்வளவையும் கொட்டிட்டாளே சார்" என்றார்.

"அதுக்கு உண்டானத நான்..." என்று ஆரம்பித்தேன். ஜெசிந்தா கையை உயர்த்தித் தடுத்தார். "அது நானாக் கொட்டுனது சார். நீங்க யோசிச்சி செய்யின்னுதான சொன்னிய. எனக்குத்தான் பொறுமையில்ல."

சாப்பிடாமல் விட மாட்டேன் என்றார். நெத்திலிக் குழம்பு. எனக்குச் சைவம் என்று தெரிந்ததும் ஓடிப்போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்து வதக்கினார். இலையில் அவர் பரிமாறிக்கொண்டிருந்தபோது கேட்டார், சும்மா பேச்சோடு பேச்சாகத்தான்:

"இது எப்ப சார் தெரிஞ்சிது உங்களுக்கு?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நேத்துதாம்மா" என்றேன்.

"நேத்து தெரிஞ்சி இன்னைக்கே ஓடியாந்திருக்கிய" என்று இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் வைத்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

குழுவில் எழுதினேன். 'முத்துக்கரை நீலம் குறித்த என் பதிவு தவறு. பேனாவை நான் சரியாகக் கழுவவில்லை. பிழை முழுக்க என்னுடையது. ஆய்வகத்தில் சோதித்தேன்; மிகச் சுத்தமான மை. நேற்று நேரில் சென்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.'

தவறான பதிவுக்கு வந்ததைவிட இரண்டு மடங்கு வந்தது. 'பெரிய மனசு சார் உங்களுக்கு.' 'இந்தக் காலத்துல தப்ப ஒத்துக்கிட்டு தூத்துக்குடி வரைக்கும் யார் போவாங்க?' 'ஆசிரியர்னா இப்படி இருக்கணும்.' ஜெசிந்தாவும் குழுவில் எழுதியிருந்தார்: 'சாருக்கு முந்தாநாள்தான் தெரிஞ்சிருக்கு. மறுநாளே வீட்டுக்கு வந்துட்டாங்க. நன்றி சார்.'

ரஹீம் பாய் என் பதிவை எல்லோரும் பார்க்கும்படி மேலே ஒட்டி வைத்துவிட்டார்.

செண்பகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் எல்லாவற்றையும் படித்தாள். ஜெசிந்தா எழுதியதை இரண்டாம் தரம் படித்தது எனக்குத் தெரிந்தது.

"மைய லேப்புக்கு எடுத்துட்டுப் போனது தஞ்சாவூர் போறதுக்கு முந்தின நாள்ல?"

"ஆமா."

"அப்ப முந்தாநாள்னு அந்தப் பொண்ணு எழுதியிருக்கு?"

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. பேசியபோதும் சிலிண்டர் புக் பண்ணியாச்சா என்றுதான் கேட்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

கல்லூரியில் இருவர் கை கொடுத்தார்கள். குழுவில் இருக்கிற யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதல்வர்கூட, "கேள்விப்பட்டேன் சார்" என்றார். மூன்றாம் பீரியடில் நிறங்காட்டியில் நிறம் மாறுவதை நடத்திக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். பையன்கள் நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அந்த அம்மாளுக்குப் பெயர் திரும்பிவிட்டது, ரஹீம் பாய் மறுபடி ஆர்டர் கொடுத்துவிட்டார். எந்தத் தேதியில் தெரிந்தது என்பதால் இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

பிப்ரவரி 26, புதன்

போன் செய்தேன். சிவராத்திரி. நான் லீவு போட்டிருந்தேன். செண்பகம் தாயுமானவர் கோயிலுக்குப் போயிருந்தாள். பின்பக்கக் கதவருகே நின்று பேசினேன்.

"ஜெசிந்தாம்மா, அன்னைக்கு உங்க வீட்டுல ஒரு பொய் சொல்லிட்டேன்."

"என்ன சார்?"

"எனக்கு முந்தின நாள் தெரியல. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தெரியும். பதினாலாம் தேதி. வெள்ளிக்கிழமை."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. குழாயை மூடிவிட்டார் போல.

"நான் உங்களுக்கு போன் பண்ணுனது திங்கக்கெழம சார்."

"ஆமாம்மா."

"கொட்டிரவான்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"அப்ப தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், வெட்கமாக இருந்தது, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, பையன்கள் படியில் இருந்தார்கள் என்று. எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன்.

"அது என்னென்னு சொல்லுதேன் சார்" என்றார். குரல் உயரவில்லை. "கொட்டும்போது எம் மவ கேட்டா, ஏம்மா அழுறன்னு. அழல, கண்ணுல மை தெறிச்சிருச்சின்னேன். மை கெட்டதுன்னு நெனச்சிதான் கொட்டுனேன். அப்பக்கூட இவ்வளவு வலிக்கல சார். இப்ப, நல்ல மையின்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தப்பவே கொட்டியிருக்கேன். அதுவும் அவியகிட்டயே கேட்டுட்டு."

"தப்புதாம்மா."

"சரி சார். அடுப்புல ஒல கெடக்கு. வைக்கேன்."

வைத்துவிட்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

குழுவில் ஒட்டி வைத்திருந்த என் பதிவின் கீழேயே எழுதினேன். 'மேலே உள்ளதில் ஒரு பொய் இருக்கிறது. மையில் தவறில்லை என்பது எனக்குப் பதினாலாம் தேதியே தெரியும். பதினேழாம் தேதி அவர் மையைக் கொட்டிவிடவா என்று என்னிடம் கேட்டார். தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பாராட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.'

பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஹரிணி எழுதினாள்: 'அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா சார்?'

'சொல்லிவிட்டேன். உங்களிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பழைய மை தங்கியிருக்குமோ என்று சரியாகத்தான் கேட்டீர்கள்.'

அவள் ஒரு கட்டைவிரல் போட்டாள். அதற்கு மேல் இல்லை. மத்தியானத்துக்குள் ரஹீம் பாய் ஒட்டி வைத்ததை எடுத்துவிட்டார்.

செண்பகம் காபி கொண்டுவந்து வைத்தாள். "ஆறிடப் போகுது, குடிங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் குரல் இன்றைக்குத்தான் அவள் குரலாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

வாசலில் காயப்போட்ட வற்றலைக் காக்காய் இழுத்துப் போய்விட்டது. செண்பகத்துக்கு முழங்கால் தேவலை. விடைத்தாள் திருத்த ஆரம்பித்தாயிற்று.

குழுவிலிருந்து நான் விலகவில்லை. எழுதுவதுமில்லை. சேலத்துக்காரர் ஒருவர் புதிதாகச் செய்த பச்சை மையை ஹரிணிக்கு அனுப்பியிருக்கிறார். நன்றாகச் சோதிக்கிறாள். முதலில் பேனாவை எப்படிக் கழுவினாள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

மார்ச் 23, ஞாயிறு

ரஹீம் பாய் கடையில் முத்துக்கரை நீலம் வந்திருக்கிறது. கண்ணாடி அலமாரியில் இரண்டு வரிசை. லேபிள் மட்டும் புதிது.

"ஜவுளிக்கடைக்கு அந்தம்மா போகலியா பாய்?"

"பகல்ல போகுது சார். சாயங்காலம் வந்து மை போடுது. இந்தத் தடவ கொஞ்சம்தான் அனுப்பிருக்கு." கொஞ்சம் தயங்கினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. விமர்சனத்துக்குன்னு ஆறு பேருக்கு ஓசி பாட்டில் வச்சிருக்கு. உங்களுக்கு..."

"எனக்கு வேண்டாம்னு சொன்னாங்களா?"

"அப்படிச் சொல்லல. 'சார் கேட்டா குடுங்க பாய், கடைக்கு வர்ற எல்லாருக்கும் குடுக்கிற மாதிரி'ன்னுச்சு."

"அதுதான் சரி பாய். ஒண்ணு குடுங்க."

வரிசையில் எனக்கு முன்னால் கிராஃப் நோட்டு வாங்க நின்ற பெண் நகர்ந்ததும், பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். புதிதாக ஒரு சாதாரணப் பேனாவும் வாங்கினேன், இதுவரை எந்த மையும் படாதது.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். நிறம் முன்னைவிடக் கொஞ்சம் ஆழம். தாளில் பரவவில்லை, நிப்பில் காயவில்லை. இரண்டு பக்கம் எழுதினேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடவில்லை, தேடியிருந்தாலும் இருந்திருக்காது.

அவருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். பல தரம் அடித்து அழித்து, கடைசியில் இவ்வளவுதான்: 'மை நன்றாக இருக்கிறது அம்மா.'

படித்துவிட்டார் என்பதற்கான நீலக் குறி உடனே விழுந்துவிட்டது. பதில் சாயங்காலம்தான் வந்தது.

'தெரியும் சார்.'